கண்ணைத் திருடும் சர்க்கரை வியாதி! ஒரே படத்தில் காட்டிக்கொடுக்கும் கம்ப்யூட்டர் மூளை

காரைக்கால்:-

வலி இல்லை. கண் சிவக்கவில்லை. தண்ணீர் கொட்டவில்லை. ஆனாலும் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகத் திருட்டுப் போய்க்கொண்டு இருக்கிறது!

திருடன் யார்? சர்க்கரை வியாதி!

கொல்லைப் பக்கமாக வந்து கன்னம் வைக்கும் திருடனைப் போல, இந்த வியாதி கண்ணின் பின்பக்கத்தில் கை வைக்கிறது. வாசலில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரிவதில்லை. தெரியும்போது பெட்டி காலி!

இந்தத் திருடனை ஒரே ஒரு படத்தை வைத்துக் காட்டிக்கொடுக்கும் கம்ப்யூட்டர் மூளை ஒன்று, மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் 2019-ம் ஆண்டு வேலைக்குச் சேர்ந்தது. அதன் மூலம் சோதனை செய்து கொண்டவர்கள் எண்ணிக்கை 6 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

"செயற்கை நுண்ணறிவு" என்று படித்தவர்கள் சொல்வது இதைத்தான்.

காரைக்காலில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கும், ஆபீசில் பைல் பார்ப்பவருக்கும் இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நிறைய வேலை இருக்கிறது. அதுபற்றிய விவரம் வருமாறு:-

நாலு பேரில் ஒருவர்!

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாடு முழுவதும் நடத்திய சர்க்கரை வியாதிக் கணக்கெடுப்பு 2023-ம் ஆண்டு வெளியானது. 1 லட்சத்து 13 ஆயிரம் பேரைச் சோதித்து எடுத்த கணக்கு அது.

நாட்டில் சர்க்கரை வியாதிக்காரர்கள் 10 கோடிக்கும் மேல் என்று அதில் தெரியவந்தது.

எந்த மாநிலத்தில் அதிகம்? கோவா முதல் இடம். 100-க்கு 26.4 பேர். இரண்டாவது இடம் யாருக்கு? நம்ம புதுச்சேரிக்கு! 100-க்கு 26.3 பேர். மயிரிழையில் முதல் இடம் தப்பியது.

20 வயதைத் தாண்டியவர்களில் நாலு பேருக்கு ஒருவர் என்று அர்த்தம். இந்தக் கணக்குப்படி பார்த்தால், டவுன் பஸ்சில் 40 பெரியவர்கள் உட்கார்ந்திருந்தால், அதில் 10 பேர் உடம்பில் சர்க்கரை இருக்கும்.

அவர்களில் எத்தனை பேருக்குக் கண்ணில் கோளாறு? அதற்கும் கணக்கு இருக்கிறது. 2022-ல் வெளியான மற்றொரு தேசிய ஆய்வின்படி, 40 வயதைத் தாண்டிய சர்க்கரை வியாதிக்காரர்கள் 100 பேரில் 12 அல்லது 13 பேருக்கு விழித்திரை கெட ஆரம்பித்து இருக்கிறது. 4 பேர் பார்வையே பறிபோகும் கட்டத்தில் இருக்கிறார்கள்.

அந்த நாலு பேர் யார் என்பதுதான் கேள்வி. அவர்களுக்கே அது தெரியாது!

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

கண்ணை ஒரு காமிரா என்று வைத்துக்கொண்டால், விழித்திரை என்பது அதன் பிலிம் சுருள். கண்ணின் பின்சுவரில் ஒட்டிக்கொண்டு இருக்கும் மெல்லிய சவ்வு. அதில் தலைமுடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன.

வருடக்கணக்கில் சர்க்கரை கூடுதலாக இருந்தால் அந்தக் குழாய்கள் பலம் இழக்கும். பழைய தண்ணீர்க் குழாய் போலக் கசிய ஆரம்பிக்கும். சில இடத்தில் புடைக்கும். சில இடத்தில் அடைத்துக்கொள்ளும்.

அடைத்த இடத்தைச் சரிக்கட்ட உடம்பு புதுக் குழாய்களை முளைக்கவைக்கும். அவை வலுவில்லாதவை. ஒருநாள் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். அன்றைக்குத்தான் ஆள் பதறுவார்: "ஐயோ, கண்ணு முன்னாடி கருப்பா ஏதோ மிதக்குதே!"

அதுவரை? அழகாகப் பேப்பர் படித்துக்கொண்டு இருப்பார்!

"எனக்கென்னம்மா, நல்லாத்தானே தெரியுது!"

பாரதியார் ரோட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வயது 52. ஒன்பது வருடமாகச் சர்க்கரை. மாதம் தவறாமல் மாத்திரை வாங்குகிறார். மாத்திரை கொடுக்கும் நர்சு கேட்கிறார்:

"அண்ணே, கண்ணைக் காட்டினீங்களா?"

"எனக்கென்னம்மா, கண்ணு நல்லாத்தானே தெரியுது! கடையை யாரு பார்த்துக்கறது?"

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. விழித்திரை டாக்டர் பக்கத்துத் தெருவில் இல்லை. போனால் ஒருநாள் வியாபாரம் போச்சு. கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் எழுத்து தெரியாது. கூட ஒரு ஆள் வேண்டும். பஸ் செலவு இரண்டு பேருக்கு.

காரைக்கால் நிலவரம் இன்னும் விசேஷம்! மாநிலத் தலைநகரம் புதுச்சேரி சுமார் 130 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. நடுவில் முழுக்கத் தமிழ்நாடு. தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று அத்தனையையும் தாண்டினால்தான் மறுபடியும் சொந்த மாநிலம் வரும்!

1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டார்கள். அவர்கள் போட்ட எல்லைக்கோடு போகவில்லை. நாலு பக்கத்தில் மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். நடுவில் 2011 கணக்குப்படி 2 லட்சம் ஜனங்கள்.

ஒரு போட்டோ எடுக்க 130 கி.மீ. போவானேன்? போட்டோவை மட்டும் அனுப்பினால் போதாதா? இந்தக் கேள்வியில் இருந்துதான் கதை ஆரம்பிக்கிறது.

11 படுக்கையில் ஆரம்பம்

மதுரை அண்ணாநகர். 1976-ம் ஆண்டு. அரசாங்க வேலையில் இருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் ஒருவர், 11 படுக்கைகளோடு ஒரு கண் ஆஸ்பத்திரியைத் திறந்தார். அவர்தான் டாக்டர் கோ.வெங்கடசாமி.

எட்டயபுரம் பக்கத்துக் கிராமத்தில் 1918-ல் பிறந்தவர். வாலிப வயதில் வந்த முடக்குவாதத்தால் கைவிரல்கள் கோணிப்போயின. அந்தக் கோணிய விரல்களால் கத்தி பிடிக்கப் பழகி, ஆயிரக்கணக்கான கண்புரை ஆபரேஷன் செய்தார். 2006-ல் காலமானார்.

ஆஸ்பத்திரிக்கு அவர் வைத்த பெயர் அரவிந்தர் பெயர். புதுச்சேரியில் வாழ்ந்த அதே அரவிந்தர்தான்!

காசு கொடுப்பவர் கொடுக்கலாம். இல்லாதவருக்கு இலவசம். அதே டாக்டர்தான் இருவருக்கும் பார்ப்பார். இதுதான் ஏற்பாடு. 2003-ல் புதுச்சேரிக்கும் அந்த ஆஸ்பத்திரி வந்தது. கடலூர் ரோட்டில் தவளக்குப்பத்தில் இருக்கிறது. காரைக்கால் பஸ் அந்த வழியாகத்தான் போகிறது.

அந்த 1976-ம் ஆண்டுக்கு வேறு இரண்டு விசேஷங்களும் உண்டு. பார்வை இழப்பைத் தடுக்க இந்திய அரசாங்கம் தேசிய திட்டம் கொண்டுவந்த வருடமும் அதுதான். சர்க்கரை வியாதியால் கெட்ட விழித்திரைக்கு லேசர் ஒளி பாய்ச்சினால் பார்வை பறிபோகும் ஆபத்து பாதிக்கு மேல் குறையும் என்று அமெரிக்க ஆய்வு ஒன்று நிரூபித்த வருடமும் அதுதான்.

ஆக, மருந்து தெரிந்து அரை நூற்றாண்டு ஆகிறது. ஆனால் நோயாளியை நேரத்தோடு கண்டுபிடிப்பதுதான் பாடாக இருந்தது!

கிராமத்தில் நோயாளி, நகரத்தில் டாக்டர்

டாக்டர் கிராமத்துக்குப் போக முடியாவிட்டால் கம்பி வழியாகவாவது போகட்டும் என்று அரவிந்த் ஆஸ்பத்திரி சிறிய "பார்வை மையங்களை" திறந்தது. இப்போது தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலுமாக 100-க்கும் மேல் உள்ளன.

அங்கே டாக்டர் கிடையாது. இரண்டு வருடம் பயிற்சி பெற்ற பெண்கள் இருப்பார்கள். பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள். அவர்களே கண்ணைச் சோதித்துக் கம்ப்யூட்டரில் பதிவு செய்வார்கள். பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர் டி.வி. பெட்டியில் பேசுவது போலத் திரையில் தோன்றி, "என்னம்மா செய்யுது?" என்று நோயாளியிடம் நேராகவே கேட்பார்.

இன்டர்நெட் வசதி சரியாக இல்லாத காலத்தில், தேனி ஆஸ்பத்திரியையும் சுற்று வட்டார மையங்களையும் இணைக்க அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக நிபுணர்கள் வந்து, உயரமான கம்பங்களில் ஏரியல் கட்டி, கம்பியில்லா இணைப்பு கொடுத்தார்கள்.

சர்க்கரை வியாதிக்காரருக்கு அங்கேயே விழித்திரைப் படமும் எடுக்கப்பட்டது. ஆனால் ஒரு சிக்கல். படம் எடுப்பது ஒரு நொடி. அதைப் பார்த்துத் தீர்ப்பு சொல்ல ஆள் வேண்டுமே! படங்கள் குவியக் குவிய, பார்க்கிற கண்கள் போதவில்லை.

கம்ப்யூட்டருக்கு டியூஷன்!

அங்கேதான் கம்ப்யூட்டர் மூளை நுழைந்தது.

அமெரிக்காவின் கூகுள் கம்பெனி ஆராய்ச்சியாளர்கள் வருண் குல்ஷன், டாக்டர் லில்லி பெங் ஆகியோர் குழு இந்த வேலையில் இறங்கியது. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூர் நாராயண நேத்ராலயா ஆகிய மூன்று ஆஸ்பத்திரிகளும் கைகொடுத்தன. அமெரிக்காவில் இருந்தும் படங்கள் வந்தன.

மொத்தம் 1 லட்சத்து 28 ஆயிரத்து 175 படங்கள்! 54 கண் டாக்டர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு பேர் வரை தனித்தனியாகப் பார்த்து, "இது நல்ல கண்", "இது கெட்டுப்போன கண்" என்று மார்க் போட்டார்கள்.

அந்தப் படங்களையும் மார்க்குகளையும் கம்ப்யூட்டருக்குள் போட்டார்கள். "கசிவு இப்படி இருக்கும், புடைப்பு இப்படி இருக்கும்" என்று யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆயிரம் ரூபாய் நோட்டு எண்ணிய கேஷியர் கள்ள நோட்டைத் தொட்டதுமே சொல்வது போல, பார்த்துப் பார்த்து அதுவே பழகிக்கொண்டது.

2016-ல் இந்த ஆராய்ச்சி வெளியாகி மருத்துவ உலகில் பரபரப்பை உண்டாக்கியது.

பரீட்சையில் பாஸ்!

வெளிநாட்டில் பாஸ் செய்தால் போதாது, நம்ம ஊர் நோயாளியிடம் எப்படி என்று பார்க்க வேண்டும் அல்லவா? மதுரை அரவிந்திலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் 3 ஆயிரத்து 49 பேரை வைத்துப் பரீட்சை நடந்தது. முடிவு 2019-ல் வெளியானது.

நோய் முற்றத் தொடங்கிய 100 கண்களில், மதுரையில் 89 கண்களையும் சென்னையில் 92 கண்களையும் கம்ப்யூட்டர் பிடித்துவிட்டது. இதே வேலையைச் செய்த மனிதர்கள் பிடித்தது 73 முதல் 90 வரை. மனிதனுக்குக் குறைவில்லை என்று முடிவாயிற்று.

அதே 2019-ல் மதுரையில் அது நிரந்தர வேலைக்குச் சேர்ந்தது. பல வருடம் வேலை பார்த்த பிறகு மறுபடியும் கணக்குப் பார்த்தார்கள். 2025-ல் அந்த முடிவு வந்தது. நோய் மிகவும் முற்றிய கண்கள் 100 இருந்தால் 97 கண்களை விடாமல் பிடித்து இருக்கிறது!

சென்னையில் இன்னொரு சோதனை. டாக்டர் மோகன் சர்க்கரை வியாதி ஆஸ்பத்திரியில், செல்போனோடு இணைத்த சின்னக் காமிராவால் சுமார் 300 பேருக்குப் படம் எடுத்து, வேறு ஒரு கம்ப்யூட்டர் மூளையிடம் கொடுத்தார்கள். பார்வை பறிபோகும் கட்டத்தில் இருந்த கண்களில் 100-க்கு 99 சிக்கின. முடிவு 2018-ல் வெளியானது.

ஆனால் அதில் ஒரு சேதி உண்டு. நல்ல கண் உள்ளவர்கள் 10 பேரில் 2 பேரையும் சேர்த்து "டாக்டரைப் பார்" என்று அது சொல்லிவிட்டது. நிரபராதியையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிடுகிற கதைதான். திருடனைத் தப்பவிடுவதைவிட இது மேல் என்று டாக்டர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

தாய்லாந்தில் தடுமாற்றம்

எல்லாம் ஜெயம்தானா? இல்லை!

தாய்லாந்து நாட்டில் 11 சிறிய ஆஸ்பத்திரிகளில் இதே கூகுள் கம்ப்யூட்டரை வைத்துப் பார்த்தார்கள். 1,838 படங்கள் எடுத்ததில், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் "படம் சரியில்லை" என்று கம்ப்யூட்டர் திருப்பி அனுப்பிவிட்டது!

என்ன காரணம்? அறை போதிய அளவு இருட்டாக இல்லை. சில இடத்தில் இன்டர்நெட் ஊர்ந்தது. ஒரு படம் போய்ச்சேர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கண்ணில் ஒன்றும் இல்லாதவர்களைக்கூட "வேறு ஊருக்குப் போய்க் காட்டுங்கள்" என்று அனுப்ப வேண்டி வந்தது. நர்சுகள் நொந்துபோனார்கள்.

கம்ப்யூட்டர் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், ஒரு இருட்டு அறை, ஒழுங்கான லைன், பொறுமையாகப் படம் எடுக்கத் தெரிந்த ஒரு கை இந்த மூன்றும் இல்லாவிட்டால் அது வெறும் பெட்டிதான். 2020-ல் வெளியான அந்த அறிக்கை சொல்லும் பாடம் இது.

சொன்னாலும் போகாதவர்கள்!

ஆப்பிரிக்காவில் ருவாண்டா என்று ஒரு நாடு. அங்கே நடந்த சோதனை இன்னும் முக்கியமானது.

ஒரு கோஷ்டிக்குக் கம்ப்யூட்டர் முடிவை அப்போதே, அங்கேயே சொன்னார்கள். இன்னொரு கோஷ்டிக்கு, டாக்டர் படத்தைப் பார்த்தபிறகு சில நாள் கழித்துச் சொன்னார்கள். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று சொல்லப்பட்டவர்களில் எத்தனை பேர் போனார்கள்?

தாமதமாகச் சேதி கேட்டவர்களில் 100-க்கு சுமார் 40 பேர். அப்போதே கேட்டவர்களில் சுமார் 52 பேர்.

உடனே சொன்னதால் பலன் கூடியது உண்மை. ஆனால் மீதி 48 பேர்? கம்ப்யூட்டர் திருடனைக் கையும் களவுமாகக் காட்டியும், அவர்கள் கதவைச் சாத்தவில்லை!

பஸ் காசு, நாள் கூலி, பயம், "நல்லாத்தானே தெரியுது" என்ற நினைப்பு எல்லாம் சேர்ந்து காலைப் பிடித்து இழுக்கின்றன. இந்த இடத்தில் கம்ப்யூட்டரால் ஒன்றும் செய்ய முடியாது. மனிதர்கள்தான் செய்ய வேண்டும்.

காரைக்காலுக்கு என்ன வேண்டும்?

இதை எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் நம்ம ஊருக்குக் கணக்கு லேசானது.

சர்க்கரைக்கு மாத்திரை எங்கே கொடுக்கப்படுகிறதோ, அங்கேயே கண்ணுக்குப் படம் எடுக்க வேண்டும். அது பெரிய ஆஸ்பத்திரியாக இருக்கட்டும், திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் பக்கத்து சுகாதார நிலையமாக இருக்கட்டும். மாத்திரை வரிசையில் நிற்கும்போதே படமும் முடிந்தால், கடையை மூடவேண்டிய வேலை இல்லை.

சொட்டு மருந்து விடாமலே படம் பிடிக்கும் காமிராக்கள் வந்துவிட்டன. படம் எடுப்பவர் டாக்டராக இருக்க வேண்டியதும் இல்லை.

அடுத்து, படத்தில் மாட்டியவரைப் பின்தொடர ஒரு ஆள் வேண்டும். "போன வாரம் போகச் சொன்னோமே, போனீங்களா?" என்று போன் போட்டுக் கேட்க ஒரு குரல். லட்ச ரூபாய் மிஷினைவிட இந்தக் குரலுக்குப் பலம் அதிகம்.

100 பேரில் படத்தில் ஒன்றும் இல்லாதவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். படத்தில் மாட்டியவர்கள் மட்டும் பஸ் ஏறினால் போதும். எல்லோரையும் அலையவிடாமல், போகவேண்டியவரை மட்டும் பொறுக்கி எடுப்பதுதான் கம்ப்யூட்டரின் வேலை.

இதை மறக்க வேண்டாம்

* சர்க்கரை வியாதி என்று தெரிந்தால், கண் நன்றாகத் தெரிந்தாலும் வருடத்துக்கு ஒரு தடவை விழித்திரையைச் சோதிக்க வேண்டும்.

* மூக்குக் கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகை படித்துவிட்டு வருவது விழித்திரைச் சோதனை ஆகாது. பலகையில் கடைசி வரி வரை படிப்பவருக்கும் விழித்திரை கெட்டிருக்கலாம்.

* சர்க்கரை உள்ள கர்ப்பிணிகள் ஆரம்பத்திலேயே கண்ணைக் காட்ட வேண்டும். அவர்களுக்கு நோய் வேகமாக முற்றலாம்.

* இந்தக் கம்ப்யூட்டர் சர்க்கரையால் வரும் விழித்திரைக் கோளாறைப் பார்க்கப் பழகியது. "கோளாறு இல்லை" என்று அது சொன்னால், கண்புரையோ கண் நீர் அழுத்தமோ இல்லை என்று அர்த்தம் இல்லை. அதற்குத் தனியாகக் காட்ட வேண்டும்.

* கண்ணில் கருப்புப் புள்ளிகள் மிதந்தாலோ, திரை போட்டது போல மறைத்தாலோ படத்துக்குக் காத்திருக்க வேண்டாம். நேராகக் கண் டாக்டரிடம் ஓட வேண்டும்.

* லேசரும் கண்ணில் போடும் ஊசியும் பெரும்பாலும் இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான். போனதை முழுக்கத் திருப்பித் தரும் வைத்தியம் இல்லை. சர்க்கரையையும் ரத்தக் கொதிப்பையும் கட்டுக்குள் வைப்பதுதான் முதல் வைத்தியம்.

கடைசியாக...

மாதம் தவறாமல் மாத்திரை வாங்கும் அந்த மளிகைக் கடைக்காரர் அடுத்த தடவை போகும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "என் கண்ணுக்குள்ள போட்டோ எடுத்துப் பார்க்க எங்கேம்மா போகணும்?"

அவர் ஒருவர் கேட்டால் அது சந்தேகம். வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் கேட்டால் அது கோரிக்கை! காமிரா தானாக வந்து சேரும்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு? நமஸ்காரத்தை இப்போதே செய்துவிடலாம். சூரியன் தெரிகிறபோதே!